ஒரே ஆள், மூன்று மேசைகள்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து நேர்காணலைப் பற்றி

இராமேஸ்வரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்து, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்த அப்துல் கலாம், 1958-ஆம் ஆண்டு வாக்கில் வடக்கே இரண்டு நேர்காணல்களுக்குப் புறப்பட்டுப் போனார். ஒன்று டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழிருந்த தொழில்நுட்ப இயக்ககத்தில். மற்றொன்று டேராடூனில், விமானப் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் முன். டெல்லியில் கேட்ட கேள்விகள் தம் பாட அறிவுக்குச் சவாலாக இல்லை என்றும், டேராடூனில் அறிவைக் காட்டிலும் ஆளுமையையே கூர்ந்து பார்த்தார்கள் என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். டேராடூனில் 25 பேர் கலந்துகொண்டனர். தேவைப்பட்டவர்கள் எட்டுப் பேர். கலாம் ஒன்பதாவதாக வந்தார். டெல்லியில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து மும்பையில் விக்ரம் சாராபாய் இருந்த குழு அவரை நேர்காணல் செய்தது. அங்கே தமக்கு அதுவரை தெரிந்தவற்றைவிட, இனித் தம்மால் என்ன முடியும் என்பதைத் தேடும் கேள்விகளே வந்தன என்று அவர் நினைவுகூர்ந்தார். மறுநாளே ராக்கெட் பொறியாளர் பணி உறுதியானது.

எங்கள் பக்கத்துப் பள்ளி விழாக்களில் இதைத் துவளாத மனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் நேர்காணலுக்குத் தயாராகிற ஒருவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. ஒரே பயணத்தில் ஒரே மனிதர் ஒரு மேசையில் போதுமானவராகவும் இன்னொரு மேசையில் ஓரிடம் குறைந்தவராகவும் மதிப்பிடப்பட்டார். இரண்டு ஊருக்கும் இடையில் அவருடைய படிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவுகோல்தான் வேறாக இருந்தது. மண்டபத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆண்டுதோறும் கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பட்டதாரிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எந்த மேசையில் எதை அளக்கிறார்கள் என்று கேட்டறியாமல் எல்லா மேசைக்கும் ஒரே மனப்பாடத்தைக் கொண்டு போகிறார்கள். அந்த மனப்பாடத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக, கேட்பவர் உண்மையில் தேடிக்கொண்டிருந்த தங்கள் சொந்த அனுபவத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

முதலில் அரசுப் பணிகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் நம் வீடுகளில் நேர்காணல் என்றதும் பெரியவர்கள் மனத்தில் எழுவது அந்தக் காட்சியே. நிலைமை பெரிதும் மாறிவிட்டது. மத்திய அரசில் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் எழுத்துத் தேர்வோடு முடிந்துவிடும். குரூப் 2-இலும் நேர்காணலை நீக்கிவிட்டார்கள். குரூப் 1-இல் முதன்மைத் தேர்வின் 750 மதிப்பெண்ணோடு நேர்காணலுக்கு 100 சேர்ந்து 850 ஆகிறது. குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025. அதில் நேர்காணலுக்கு 275. பொதுத்துறை வங்கிகளின் அதிகாரித் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் 80:20 என்ற விகிதம். எழுத்தர் பணிக்கு நேர்காணல் இல்லை. படைகளில் அதிகாரியாகச் சேர விரும்புகிறவர்களுக்கோ, கலாம் டேராடூனில் கண்டதன் இன்றைய வடிவமாக, ஐந்து நாள் தேர்வு நடக்கிறது. உளவியல் தேர்வு, குழுவாக ஒரு தடையைக் கடக்கும் பணி, தனி நேர்காணல் என்று பல கண்கள் ஒருவரையே பார்க்கின்றன. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல் படையும் கண்ணெதிரே இருந்தும், அந்த ஐந்து நாளில் என்ன நடக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளைகள் இங்கே மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

ஆகவே இந்த மாவட்டத்து இளைஞர் ஒருவர் தம் வாழ்நாளில் சந்திக்கப்போகிற நேர்காணல்களில் பெரும்பகுதி அரசு சார்ந்தது அல்ல. கல்லூரி வளாகத்துக்கு வருகிற நிறுவனங்கள், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்கள், சென்னை, கோவை, திருப்பூர், ஓசூர் ஆலைகளும் அலுவலகங்களும், மருத்துவமனைகள், கடன் வழங்கும் நிதி நிறுவனங்கள், வளைகுடா முகவர்கள், மண்டபத்து ஆராய்ச்சி நிலையங்களின் திட்டப் பணிகள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கு, ‘கையைக் கட்டாமல் நிமிர்ந்து உட்கார், மாவட்ட ஆட்சியர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு இருபது நிமிடம் இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவரிடம் பொறுப்பையும் பணத்தையும் ஒப்படைக்கலாமா என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு தவறினால் கேள்வி அவரை நோக்கி வரும். இந்த அவசரத்தில் மனித மனம் முகத்தையும் பேச்சையும் பார்த்து முதல் சில நிமிடங்களிலேயே ஒரு தீர்ப்புக்கு வந்துவிட்டு, மீதி நேரத்தை அந்தத் தீர்ப்புக்குக் காரணம் தேடுவதில் செலவழிக்கிறது. இதைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் இன்று நேற்று தொடங்கியவை அல்ல. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமன், 1950-களின் நடுவில் இருபத்தோரு வயது இளைஞராக இஸ்ரேல் இராணுவத்தில் இருந்தபோது, படையில் சேர வருவோரை நேர்காணும் முறையை மாற்றியமைத்தார். மொத்தமாக ஆள் எப்படி என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஆறு பண்புகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த இளைஞர் இதுவரை உண்மையில் என்ன செய்திருக்கிறார் என்று கேட்டு, தனித்தனியே மதிப்பெண் போடச் செய்தார். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காணல் செய்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் பழைய முறையைவிட இது தெளிவாக மேம்பட்ட பலனைத் தந்தது.

அதன் பின் வந்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணலுக்கும், பின்னர் வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பை 1998-இல் ஷ்மிட், ஹன்ட்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 0.51 என்று கணித்தார்கள் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மனம்போனபடி பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.38. 2022-இல் பால் சாக்கெட்டும் அவர் குழுவினரும் இந்தக் கணக்கை மறுபடி சரிபார்த்தபோது இரண்டும் குறைந்து 0.42 என்றும் 0.19 என்றும் ஆயின. கணக்கு மாறினாலும், ஒழுங்குபடுத்திய நேர்காணலே நம்பத்தக்கது என்பது மாறவில்லை. இதனால்தான் ஓரளவு வளர்ந்த நிறுவனங்கள், ‘உங்கள் பலம் என்ன’ என்பதை விட்டுவிட்டு, ‘உங்கள் மேல் ஒருவர் கோபப்பட்ட ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்’ என்று கேட்கத் தொடங்கின. ஒருவர் முன்பு செய்தது, அவர் இனிமேல் செய்யப்போவதற்கு ஓரளவு சாட்சி சொல்லும் என்பதே இதன் அடிப்படை.

இந்த இடத்தில்தான் கடற்கரைப் பிள்ளைகளின் கை ஓங்கியிருக்க வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. அனுபவம் என்றால் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பெற்றது மட்டுமே என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டதால், ‘முன்அனுபவம்: இல்லை’ என்று கூசாமல் எழுதிக் கொடுக்கிறார்கள். பாம்பனில் சம்மாட்டியின், அதாவது படகு உரிமையாளரின், கணக்கு நோட்டை நான்கு ஆண்டுகள் எழுதியவர், டீசல், ஐஸ், வலைச் செலவு போக ஒவ்வொருவர் பங்கையும் பிரித்துக் கொடுத்தவர், அனுபவம் இல்லாதவர் ஆகமாட்டார். ஏலக் கூடத்தில் விடியற்காலையில் நின்று, விலை இறங்குவதற்குள் மீனைத் தள்ளிவிடக் கற்றவர் விற்பனை வேலைக்குப் புதியவர் அல்ல. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் தன் தாயின் மகளிர் குழுவுக்கு வங்கிக் கடன் மனு எழுதி, தவணைக் கணக்கைப் பார்த்துக்கொண்ட மகளுக்கு, நிதி நிறுவனத்தின் கிளைப் பணியில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. இராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களுக்கும் வடநாட்டு யாத்திரிகர்களை அழைத்துப் போய்ப் பழகிய பையன் சரளமாக இந்தி பேசுவான், சில சமயம் கூடவே வங்காளமும் மராத்தியும் கலந்து. அவனுடைய பயோடேட்டாவில் ‘தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம்’ என்று மட்டும் இருக்கும். ஏன் என்று கேட்டால், அது படித்து வாங்கியது இல்லையே என்பான்.

கூச்சமும் இதற்கு ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. கருவாட்டு வாடையும் கடன் நோட்டும் குளிரூட்டிய அறையில் பேசத்தக்கவை அல்ல என்று எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறோம். பயிற்சி வகுப்புகள் சிலவும் இந்தக் கூச்சத்தை வளர்க்கின்றன. ‘நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன், எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்’ என்ற மூன்று வாக்கியங்களை ஒரு வகுப்பில் அறுபது பேருக்கும் உருப்போட வைத்தால், அறுபது பேரும் ஒரே வாயால் பேசுவதைக் கேட்கிற அதிகாரிக்கு யாருடைய முகமும் நினைவில் நிற்காது.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தங்கச்சிமடத்துப் பெண் ஒருவர் மருத்துவமனை வரவேற்புப் பணிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிக்கலான சூழலைச் சமாளித்தது உண்டா என்று கேட்கிறார்கள். ‘எனக்குப் பொறுமை அதிகம் சார், எந்தப் பிரச்சினை வந்தாலும் பதற்றப்படாமல் தீர்ப்பேன்’ என்பது ஒரு பதில். அதைச் சரிபார்க்கக் கேட்பவருக்கு வழியே இல்லை. மற்றொரு பதில் இப்படி அமையலாம்: ‘போன வருஷம் எங்கள் தெருவில் நான்கு பேர் போன படகு குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை, மேடம். வீடுகளில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் ஒரு நோட்டில் நான்கு பேர் பெயர், படகு எண், கிளம்பிய நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்து மரைன் போலீசுக்கும் சொன்னார்கள். வீட்டுக்காரர்கள் ஆளாளுக்குப் போன் செய்து குழப்பாமல், மணிக்கு ஒரு தடவை நானே கேட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன். இன்ஜின் பழுதாகி நின்றிருந்தது, மறுநாள் கரைக்கு வந்துவிட்டார்கள்.’ இதில் பொறுமை என்ற சொல்லே வரவில்லை. ஆயினும் அழுகிற உறவினர்கள் நிறைந்த மருத்துவமனைக் கூடத்தில் இந்தப் பெண் என்ன செய்வார் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. என்ன நிலைமை, அதில் தன் பொறுப்பு எது, தான் செய்தது என்ன, முடிவு என்ன ஆயிற்று என்ற நான்கும் அந்தப் பதிலில் வரிசையாக இருக்கின்றன. பயிற்றுநர்கள் இதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் ஊர்க்கதை சொல்லும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான்.

தயாரிப்பு என்று நான் கருதுவதில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு நோட்டை எடுத்து, கடந்த ஐந்து ஆண்டுகளில் தானே பொறுப்பேற்றுச் செய்த பத்துப் பன்னிரண்டு காரியங்களை எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை எதுவோ அதையும் சேர்த்து எழுத வேண்டும்: எத்தனை பேர், எவ்வளவு பணம், எத்தனை நாள். தவறாய்ப்போன இரண்டு காரியங்களும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் அவற்றைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். பிறகு வேலை விளம்பரத்தை எடுத்து, அதில் கேட்கிற ஒவ்வொரு தகுதிக்கும் நேரே தன் நோட்டிலுள்ள காரியம் ஒன்றைக் குறித்துப் பார்க்க வேண்டும். நேர் எதுவும் இல்லாத தகுதிகள் எவை என்பது அப்போது தெரிந்துவிடும். அவற்றை மட்டும் படித்தால் போதும்.

மண்டபத்து ஆராய்ச்சி நிலையங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முன்பு பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் தலைமையகத்தை வைத்திருந்தது. தலைமையகம் பின்னர் கொச்சிக்குப் போனாலும் மண்டல நிலையம் இங்கேயே இருக்கிறது. கடற்பாசியை ஆராயும் மத்திய அரசு நிலையமும் மண்டபத்தில் உண்டு. திட்டப் பணிகளுக்கு இத்தகைய நிலையங்களில் அவ்வப்போது நேரடி நேர்காணல் நடக்கும். விலங்கியல் படித்த உள்ளூர்ப் பிள்ளை அங்கே போய், காரல் மீனின் அறிவியல் பேரினம் லியோக்னாத்தஸ் என்று ஒப்பிப்பதோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு. அந்தக் காரல் எந்த வலையில் அதிகம் படும், எந்தக் காற்றில் கரை ஒதுங்கும், கருவாடாக எப்படிக் காயும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்ததையும் சேர்த்துச் சொன்னால், வெளியூரிலிருந்து வந்து படகுத்துறையில் மாதிரி சேகரிக்கத் திணறுகிற ஒருவரைவிடத் தன்னால் முதல் நாளிலிருந்தே வேலை நடக்கும் என்பது தானாகவே விளங்கும்.

வளைகுடா நேர்காணல் முற்றிலும் வேறு உலகம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் இல்லாத தெரு அரிது. வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன், ஓட்டுநர் வேலைகளுக்குப் பேச்சைவிடக் கைவேலையைத்தான் பார்ப்பார்கள். டிரேட் டெஸ்ட் என்று ஒரு பட்டறையில் நிறுத்தி, வரைபடத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். அங்கே கேள்வி கேட்பவர் பெரும்பாலும் மேற்பார்வையாளர். பாதுகாப்புக் கண்ணாடியையும் கையுறையையும் போடாமல் வேலையைத் தொடங்கினால், வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் முகம் மாறிவிடும். செய்யும்போதே ஏன் இப்படிச் செய்கிறேன் என்று இரண்டு வார்த்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்லப் பழகிக்கொள்வது நல்லது.

இந்த வகையில் நேர்காணலுக்குத் தயாராவது என்பது நேர்காணல் நடத்துகிறவர் யார் என்று சோதிப்பதில் தொடங்குகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் அவர் உண்மையானவரா என்று தெரிந்துவிடும். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான், அதுவும் ரசீதோடு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையில் இருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்காகப் போக அவர்கள் அந்த அனுமதியைப் பெற்றாக வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது, நம் பக்கத்தில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. ஓட்டல் அறையில் பத்து நிமிடம் பேசிவிட்டு, ‘செலக்ட் ஆயிட்டீங்க தம்பி, பாஸ்போர்ட்டையும் முன்பணத்தையும் கொடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லும் இடத்தில் நேர்காணல் நடக்கவில்லை, வேறு ஏதோ நடக்கிறது. கணினி வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் லாவோசுக்கும் அழைத்துப் போய், இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். வேலைக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத எளிய கேள்விகளும், அளவுக்கு மீறிய சம்பளமும் ஒன்றாக வந்தால் எழுந்து வந்துவிடுவதே சரி.

மறுபடி உள்ளூர் மேசைக்கு வருவோம். இராமநாதபுரம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பவரிடம், குறிப்பாகக் குரூப் 1, குடிமைப் பணி, வங்கி நேர்காணல்களில், ஊரைப் பற்றிய கேள்வி ஏறத்தாழ உறுதி. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கும் 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பழையதில் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலெழுந்தது, புதியதில் அந்தப் பகுதி அப்படியே செங்குத்தாக உயரும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்; தினம் பார்க்கிற பாலம் என்பதாலேயே யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் அறிவிக்கப்பட்டது என்பதும், அதன் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உள்ளன என்பதும், 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களைத் தெரிவு செய்தபோது தமிழ்நாட்டில் விருதுநகரோடு இராமநாதபுரமும் அதில் சேர்ந்தது என்பதும் அடிப்படைச் செய்திகள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பதைக் கடலோரத்துப் பிள்ளை தப்பாகச் சொன்னால் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இவற்றைவிடக் கடினமானது கச்சத்தீவு. அந்தக் கேள்வி வரும்போது நம் பிள்ளைகள் மேடைப் பேச்சாளராகிவிடுகிறார்கள், அல்லது ‘அது அரசியல் சார்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டுமே குழுவுக்கு உதவாது. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கையின் பக்கம் போனது, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே வந்து போகலாம் என்ற விதி அதில் இருந்தது, 1976-இல் பரிமாறிக்கொண்ட கடிதங்களால் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பது நின்றது, அந்தோணியார் திருவிழா இன்றும் நடக்கிறது என்ற உண்மைகளை முதலில் நிதானமாக அடுக்க வேண்டும். பிறகு இராமேஸ்வரத்து மீனவரின் வாழ்வாதாரத்தையும், விசைப்படகுகளின் இழுவைமடி வலையால் தங்கள் வலையும் கடல்வளமும் அழிகின்றன என்கிற யாழ்ப்பாணத்து மீனவரின் முறையீட்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிய வேண்டும். சொந்தக் கருத்தைக் கேட்டால் அதன் பின்னர் சொல்லலாம். தன் அண்ணனோ சித்தப்பாவோ சிறையிருந்து வந்த வீட்டுப் பிள்ளைக்கு இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் தன்னைச் சுடுகிற விஷயத்திலும் எதிர்த்தரப்பின் நியாயத்தைக் குரல் மாறாமல் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

மொழியைப் பற்றிய அச்சம் நியாயமானது, ஆனால் அளவுக்கு மீறியது. குடிமைப் பணித் தேர்வில்கூட நேர்காணலைத் தமிழில் எதிர்கொள்ள வழி உண்டு. தனியார் நிறுவனங்களில் ஆங்கிலம் தேவைப்படுகிறது, உண்மைதான். அதற்கு வேகம் தேவையில்லை. கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லும்படி கேட்பது குறையாகாது. புரியாத கேள்விக்குப் புரிந்ததுபோல் பதில் சொல்லுவது பெருங்குறை. தன் நோட்டிலுள்ள பத்துக் காரியங்களையும் எளிய ஆங்கில வாக்கியங்களில் ஒருமுறை எழுதி, ஒரு மாதம் தினமும் இரண்டை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், கேட்கப்படும் பெரும்பாலான கேள்விகளுக்கு வேண்டிய சொற்கள் நாக்குக்கு வந்துவிடும். இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து தொடங்குவது அந்த மாதத்தின் வேலை அல்ல.

படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு என்ன செய்தீர்கள் என்ற கேள்வி இங்கே பலரைத் தலைகுனிய வைக்கிறது. அப்பா படகோடு பிடிபட்டதால் குடும்பத்துக்காகக் கடலுக்குப் போனேன் என்பதும், குரூப் 4 எழுதிக்கொண்டிருந்தேன், சில மதிப்பெண்ணில் போய்விட்டது என்பதும் சொல்லத்தக்க பதில்களே. ‘சும்மா இருந்தேன்’ என்பது மட்டும்தான் தவறான பதில், ஏனென்றால் அநேகமாக அது உண்மையும் அல்ல. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால், ‘நீங்கள் பார்த்துக் கொடுங்கள்’ என்பது மரியாதையாகத் தோன்றினாலும், அதே வேலைக்கு அந்த ஊரில் என்ன தருகிறார்கள், அறை வாடகையும் சாப்பாடும் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்காமல் வந்திருக்கிறார் என்பதையே அது காட்டுகிறது. அங்கே வேலை பார்க்கும் ஊர்க்காரர் யாரிடமாவது முன்பே கேட்டு, ஒரு தொகையைச் சொல்லலாம்.

சான்றிதழ் விஷயத்தில் நம் கடற்கரைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. முகமது என்ற ஒரே பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தோணிக்கும் இதே கதி. இனிஷியல் ஒன்றில் முன்னால் நிற்கும், மற்றொன்றில் அப்பா பெயராக விரிந்து பின்னால் நிற்கும். தேர்வாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோனவர்களை நான் அறிவேன். வேலை தேடத் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதற்குச் சில வாரங்கள் ஆகும். நேர்காணல் அழைப்பு வந்தபின் அத்தனை நாள் கிடைக்காது.

இராமேஸ்வரம் தீவிலிருந்து வீடியோ நேர்காணல் தருபவர்கள் சிக்னலை மட்டுமல்ல, காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் சிக்னல் நன்றாக இருக்கும், ஆனால் எதிரே இருப்பவர் காதில் காற்றின் இரைச்சலே விழும். இராமநாதபுரத்தில் நண்பர் வீட்டு அறையில், சுவருக்கு முதுகு காட்டி, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருவது நல்லது. நேரில் போகிறவர்கள் இரவு ரயிலில் போய் விடியற்காலை எழும்பூரில் இறங்கி, அப்படியே நேர்காணலுக்குப் போவது இங்கே வழக்கம். செலவு மிச்சம்தான், ஆனால் உறங்காத கண்களோடு கேள்விக்கு உட்கார வேண்டியிருக்கும். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய், அந்த இடத்தை நேரில் ஒருமுறை பார்த்து வந்துவிடலாம். உடை சுத்தமாகவும் தேய்த்ததாகவும் இருந்தால் போதும், கடன் வாங்கிய கோட்டில் யாரும் இயல்பாக இருந்ததில்லை.

திரும்பி வரும் ரயிலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. அதே நோட்டை எடுத்து, கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும், தான் சொன்ன பதில்களையும், எந்த இடத்தில் எதிரே இருந்தவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இரண்டு நாள் போனால் கேள்வி மறந்து வருத்தம் மட்டும் நிற்கும். வேலை கிடைக்காவிட்டால், அடுத்து அதே நிறுவனத்துக்குப் போகிற பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் அந்தப் பக்கங்களைக் கொடுக்கலாம். கடலுக்குப் போய்த் திரும்பியவர் இன்று எந்தப் பக்கம் மீன் பட்டது, நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி இருந்தது என்று கரையில் நிற்பவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது இங்கே இன்றும் உள்ள வழக்கம்தான்.